விட்டுப்போன மன்றாட்டு

ஞாயிறு பூசைக்கு இரண்டாம் மணி அடித்திருந்த வேளை. திருவுடை அணிந்துகொண்டிருந்த நம்மிடம் உபதேசியார் ஒரு சீட்டைக் கொடுத்தார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள். எழுத்து பேத்தியுடையது, வேண்டுதல் பாட்டியுடையது. ஆறு மாதங்களுக்கு முன் அம்மூதாட்டியின் மூத்த மகன் லாரி மோதி இறந்துபோனான். லாரியை ஓட்டியவர் சிறையில் இருந்தார். அவருடைய குழந்தை நோயுற்று மருத்துவமனையில் கிடக்கிறது என்ற செய்தி எப்படியோ மூதாட்டியின் காதுக்கு எட்டியிருக்கிறது. அந்த டிரைவருக்காகவும் அவர் பிள்ளைக்காகவும் பூசையில் எல்லாரும் வேண்டிக்கொள்ள வேண்டும் என்பதே சீட்டில் இருந்தது.

நாம் அதைப் படித்தோம். மடித்துத் திருப்பலிப் புத்தகத்தின் இடையில் வைத்தோம். இறந்தவனின் தம்பிமார் இருவரும் வழக்கம்போல் தூணோரம் வந்து நின்றிருந்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தது. கோயிலுக்குள் எதற்கு வீண் மனக்கசப்பு என்பது நம் எண்ணம். அச்சிட்ட நூலில் அந்த ஞாயிற்றுக்கென்று தரப்பட்டிருந்த ஐந்து மன்றாட்டுகளும் வாசிக்கப்பட்டன. மக்கள் பதில் சொன்னார்கள். பூசை முடிந்தது.

வாசலில் மூதாட்டி காத்திருந்தார். "சாமி, நம்ம சீட்டு விட்டுப்போச்சுங்களா?" என்றார். அதில் குற்றச்சாட்டு இல்லை, வெறும் கேள்விதான். "அடுத்த வாரம் பார்ப்போம்மா" என்று சொல்லி அனுப்பிவைத்தோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மோடு அறைக்குள் வந்துவிட்டது. விசுவாசிகள் மன்றாட்டு என்று நாம் அழைக்கும் அச்சிறு பகுதி யாருடையது? அதில் எந்தப் பெயர் வரலாம், எந்தப் பெயர் வரக்கூடாது என்று தீர்மானிக்கும் உரிமையை நமக்கு யார் தந்தார்கள்? குருமட நாள்களில் படித்து மூடிவைத்த வழிபாட்டு வரலாற்று நூல்களை அந்த வாரம் மீண்டும் திறந்தோம். அங்கே கண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருமுழுக்குப் பெற்றோரின் உரிமை

கி.பி. 155ஐ ஒட்டி உரோமை நகரில் வாழ்ந்த புனித யுஸ்தீன், கிறிஸ்தவர்கள் மீது சுமத்தப்பட்ட பழிகளுக்கு விடையாகப் பேரரசர் அந்தோனீனு பீயுசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். கிறிஸ்தவர்கள் கூடி என்ன செய்கிறார்கள் என்பதை ஒளிவுமறைவின்றி விளக்கும் மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவரைச் சகோதரர்கள் கூடியிருக்கும் இடத்துக்கு அழைத்துவருகிறார்கள். அங்கே எல்லாரும் சேர்ந்து தங்களுக்காகவும், புதிதாக ஒளிபெற்றவருக்காகவும், எங்கெங்கும் உள்ள மற்றெல்லாருக்காகவும் ஊக்கமாக மன்றாடுகிறார்கள். அதன்பின் ஒருவருக்கொருவர் சமாதான முத்தம் அளிக்கிறார்கள். அதற்குப் பிறகே அப்பமும் இரசமும் கொண்டுவரப்படுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளிலும் இதுவே முறை. வாசகமும் மறையுரையும் முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று ஒன்றாக மன்றாடுவார்கள்.

இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். புதிய கிறிஸ்தவன் திருமுழுக்குத் தொட்டியிலிருந்து ஏறிவந்து சபையோடு செய்த முதற்செயல் பிறருக்காக மன்றாடுவது. நற்கருணை உண்பது அதற்கு அடுத்ததாகவே வந்தது. மூன்றாம் நூற்றாண்டுடன் தொடர்புபடுத்திப் பேசப்படும் 'திருத்தூதர் மரபு' என்னும் ஒழுங்குநூல் இதை இன்னும் தெளிவாக்குகிறது. திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்துகொண்டிருப்போர் விசுவாசிகளோடு சேர்ந்து மன்றாடக்கூடாது. தனியே மன்றாட வேண்டும். திருமுழுக்குப் பெற்ற பின்னரே மக்கள் அனைவரோடும் சேர்ந்து மன்றாடலாம். பிற்காலத்தில் பல சபைகளில் மறையுரை முடிந்ததும் ஆயத்தநிலையில் இருந்தவர்களை ஆசி கூறி வெளியே அனுப்பிவிடும் வழக்கம் நிலைபெற்றது. உள்ளே எஞ்சியவர்கள் விசுவாசிகள். அவர்கள் எழுப்பிய மன்றாட்டே விசுவாசிகள் மன்றாட்டு. அப்பெயரின் பொருள் இதுதான்.

பிறருக்காக இறைவன்முன் நிற்பது குருவின் பணியன்றோ என்று நாம் கேட்கலாம். ஆம், குருவின் பணிதான். ஆனால் திருமுழுக்கினால் இறைமக்கள் அனைவரும் கிறிஸ்துவின் குருத்துவத்தில் பங்குபெறுகிறார்கள். அந்தக் குருத்துவத்தை அவர்கள் வாய்திறந்து செயற்படுத்தும் வேளை இது. தொடக்கத் திருச்சபை அதை ஒரு சலுகையாக நினைக்கவில்லை. ஒரு பதவியாகவே கருதியது.

யாருக்காக மன்றாடினார்கள்?

யுஸ்தீன் எழுதிய காலத்தை ஒட்டியே, இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் சிமிர்னா நகரின் முதிய ஆயர் பொலிகார்ப்பு கைதுசெய்யப்பட்டார். அவருடைய மரணத்தைக் குறித்து அச்சபையார் எழுதிய மடல் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆயுதங்களோடு பிடிக்க வந்தவர்களுக்கு வேண்டிய மட்டும் உணவும் பானமும் கொடுக்கச் சொன்னாராம் அவர். மன்றாட ஒரு மணி நேரம் மட்டும் கேட்டார். எழுந்து நின்றவர் இரண்டு மணி நேரம் மன்றாடினார். தம் வாழ்நாளில் சந்தித்த சிறியோர், பெரியோர், புகழுடையோர், எளியோர் அனைவரையும், உலகெங்கும் பரவியிருந்த திருச்சபையையும் நினைவுகூர்ந்தார். கேட்டுக்கொண்டிருந்த காவலர்களுள் பலர் இத்தகைய முதியவரைப் பிடிக்க வந்தோமே என்று வருந்தினர். சாவு வாசலில் நிற்கையில் தம் உயிருக்காக அவர் மன்றாடியதாக அம்மடல் கூறவில்லை. நீண்ட வாழ்நாளின் முகங்களையெல்லாம் ஒவ்வொன்றாக இறைவன்முன் கொண்டுவந்து நிறுத்தினார்.

அதற்கும் முன்னர், ஏறத்தாழ கி.பி. 96இல், உரோமைத் திருச்சபை கொரிந்து நகரச் சபைக்கு ஒரு மடல் அனுப்பியது. அதை எழுதியவர் கிளமெந்து என்பது மரபு. தங்களுக்கு அடுத்தடுத்து நேர்ந்த இன்னல்களால் எழுதத் தாமதமாயிற்று என்று அம்மடல் தொடங்குகிறது. அதன் இறுதியில் நீண்டதொரு மன்றாட்டு இருக்கிறது. துன்புறுவோர், வீழ்ந்தோர், நோயாளர், வழிதவறியோர், பசித்தோர், சிறைப்பட்டோர் ஆகியோருக்காக அது மன்றாடுகிறது. பின்னர் ஆட்சியாளருக்காக உடல்நலமும் அமைதியும் நிலைபேறும் வேண்டுகிறது. நீரோ மன்னனின் கொடுமையை முப்பது ஆண்டுகளுக்கு முன் அனுபவித்த அதே நகரத்துச் சபை அது! ஒரு நூற்றாண்டுக்குப் பின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியனும், ஏறத்தாழ கி.பி. 197இல் எழுதிய தற்காப்பு நூலில், பேரரசருக்காகக் கிறிஸ்தவர்கள் கைகளை விரித்து மன்றாடுவதைக் குறிப்பிடுகிறார். மன்னருக்குப் பலி செலுத்த மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் மன்னருக்காக மன்றாட மறுக்கவில்லை.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சிரியா நாட்டில் தொகுக்கப்பட்ட 'திருத்தூதர் ஒழுங்குகள்' என்னும் நூலில் திருத்தொண்டர் மக்களை அழைக்கும் மன்றாட்டு வரிசை ஒன்று இருக்கிறது. நோயாளர், கடற்பயணம் செய்வோர், சுரங்கங்களில் உழைக்குமாறு தண்டிக்கப்பட்டோர், நாடுகடத்தப்பட்டோர், சிறைகளில் இருப்போர், கொடிய அடிமைத்தனத்தில் வாடுவோர் என்று அது நீள்கிறது. அந்த வரிசையில் பகைவர்களும், விசுவாசிகளை வெறுப்பவர்களும், துன்புறுத்துபவர்களும் இடம்பெறுகிறார்கள். இதைப் படித்தபோது நாம் புத்தகத்தைச் சற்று மூடிவைத்தோம். மூதாட்டியின் சீட்டு புதிதாக எதையும் கேட்கவில்லை. அச்சீட்டுக்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முன்னோடி இருந்தது.

மன்றாட்டு மறைந்த கதை

இத்துணைச் சிறந்த ஒரு மன்றாட்டு உரோமை வழிபாட்டில் எப்படி மறைந்தது? எவரும் அதை ஒரே நாளில் ஒழிக்கவில்லை. மெல்ல மெல்லத் தேய்ந்தது.

கி.பி. 492 முதல் 496 வரை திருத்தந்தையாக இருந்த கெலாசியுவின் பெயரால் மன்றாட்டுமாலை ஒன்று வழங்கிவருகிறது. கீழைத் திருச்சபைகளின் பாணியில், ஒவ்வொரு கருத்துக்கும் மக்கள் இரக்கம் வேண்டிப் பதில் சொல்லும் முறை அது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின், கி.பி. 598இல் பெரிய கிரகோரியார் சிரக்கூசா ஆயருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி தற்செயலாக வெளிப்படுகிறது. அன்றாடத் திருப்பலிகளில் மற்ற வேண்டுதல்களை விட்டுவிட்டு, 'கிரியே எலெய்சோன்', 'கிறிஸ்தே எலெய்சோன்' என்ற வேண்டல்களை மட்டும் சொல்வதாக அவர் எழுதுகிறார். யாருக்காக இரக்கம் வேண்டப்பட்டதோ அவர்களுடைய பெயர்கள் போயின; இரக்கம் வேண்டும் பதிலுரை மட்டும் நின்றது!

வேறு காரணங்களும் சேர்ந்தன. குழந்தைத் திருமுழுக்கு பரவலானதும், வெளியே அனுப்பப்பட வேண்டிய ஆயத்தநிலையினர் அருகினர். விசுவாசிகள் மன்றாட்டு என்ற பெயருக்கே பொருள் மங்கிற்று. இலத்தீன் மக்கள் பேசும் மொழியாக இல்லாமற்போயிற்று. நம் பாட்டனார் காலத்து இலத்தீன் பூசையில் இதற்கு வியத்தகு சான்று ஒன்று இருந்தது. காணிக்கைப் பகுதியின் தொடக்கத்தில் குரு மக்கள் பக்கம் திரும்பி வாழ்த்துக் கூறி, 'செபிப்போமாக' என்பார். ஆனால் அதைத் தொடர்ந்து பொதுச் செபம் எதுவும் வராது! முன்பு அங்கே இருந்த விசுவாசிகள் மன்றாட்டு உதிர்ந்துபோக, அழைப்பு மட்டும் எஞ்சியது என்று வழிபாட்டு அறிஞர் பலர் கருதினர். எனினும் பிரான்சு, செருமனி, இங்கிலாந்து போன்ற நாடுகளில் மறையுரையை ஒட்டி மக்கள் மொழியிலேயே வேண்டுதல் கருத்துகளைச் சொல்லும் வழக்கம் நெடுங்காலம் உயிர்வாழ்ந்தது. ஏட்டில் இழந்ததை மக்கள் ஓரளவு தங்கள் நாவில் காத்துவைத்தார்கள்.

மேலே சொன்ன கிளமெந்து மடலுக்கும் இத்தகைய விதியே நேர்ந்தது. அம்மடல் ஐரோப்பாவில் அச்சேறுவதற்கு ஆதாரமான பழைய அலெக்சாந்திரியச் சுவடியில் ஓர் ஏடு காணாமற்போயிருந்தது. தொலைந்த அந்த ஏட்டில்தான் அம்மன்றாட்டு இருந்தது. கி.பி. 1056இல் படியெடுக்கப்பட்ட வேறொரு சுவடியைக் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுத்த ஆர்த்தடாக்ஸ் ஆயர் பிலோத்தேயு பிரியென்னியோஸ், அதைக் கொண்டு 1875இல் முழு மடலையும் பதிப்பித்தார். அதன் பிறகே அம்மன்றாட்டை உலகம் மீண்டும் படித்தது.

பெரிய வெள்ளியின் சாட்சியம்

உரோமை வழிபாட்டில் ஒரே ஒரு நாள் பழைய மன்றாட்டைக் கைவிடாமல் காத்தது. அது பெரிய வெள்ளி. அன்று நாம் கேட்கும் நீண்ட பொது மன்றாட்டுகள் மிகத் தொன்மையானவை. கருத்து அறிவிக்கப்படும், முழந்தாட்படியிட அழைப்பு வரும், மௌனம் நிலவும், பின் குரு அனைவர் சார்பாகவும் செபிப்பார். பலருக்கு அது நீளமாகத் தோன்றலாம். உண்மையில் தொடக்கத் திருச்சபை எவ்வாறு மன்றாடியது என்பதை நம் உடலே கற்றுக்கொள்ளும் நேரம் அது.

ஆனால் அங்கேயும் ஒரு காயம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. பழைய வரிசையில் யூதருக்கான மன்றாட்டில் அவர்களைக் குறிக்க 'பெர்ஃபிடிஸ்' என்ற சொல் இருந்தது. இலத்தீனில் அது விசுவாசமில்லாதவர் என்னும் பொருளில் ஆளப்பட்டிருந்தாலும், மக்களின் மொழிகளில் நம்பிக்கைத் துரோகி என்றே ஒலித்தது. அது மட்டுமன்று. ஒன்பதாம் நூற்றாண்டளவில் இருந்து, அந்த ஒரு மன்றாட்டுக்கு மட்டும் முழந்தாட்படியிடும் வழக்கம் கைவிடப்பட்டிருந்தது. யூதர்கள் முழங்காலிட்டு இயேசுவை ஏளனம் செய்தார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நற்செய்தியைத் திறந்து பார்த்தால் அவ்வாறு ஏளனம் செய்தவர்கள் உரோமைப் படைவீரர்கள்! பிறருக்காக மன்றாடும் வேளையிலேயே அவர்களை இழிவுபடுத்த முடியும் என்பதற்கு இதைவிடத் துயரமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில் அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பின்னரே நம் மனச்சான்று முழுதாக விழித்தது. பிரெஞ்சு வரலாற்றறிஞர் ஜூல் ஐசக் தம் மனைவியையும் மகளையும் அவுஷ்விட்சு முகாமில் இழந்தவர். கிறிஸ்தவப் போதனையில் கலந்திருந்த யூத வெறுப்பை ஆராய்ந்து எடுத்துரைப்பதே அவருடைய பிற்கால வாழ்வாயிற்று. 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனித வார வழிபாட்டைச் சீர்திருத்தியபோது, அம்மன்றாட்டுக்கு முழந்தாட்படியிடுதல் மீண்டும் வந்தது. 1959ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் அந்தப் புண்படுத்தும் சொல்லை நீக்கச் செய்தார். அடுத்த ஆண்டு அவர் ஐசக்கை நேரில் சந்தித்தார். 1970ஆம் ஆண்டுத் திருப்பலிப் புத்தகத்தில் அம்மன்றாட்டு, இறைவனின் வார்த்தைக்கு முதலில் செவிமடுத்த மக்களுக்கானதாகப் புதிதாக எழுதப்பட்டது. ஒருவருக்காக நாம் எவ்வாறு மன்றாடுகிறோம் என்பது, அவரை நாம் யாராகக் காண்கிறோம் என்பதை வெளிப்படுத்திவிடுகிறது.

மீண்டும் நம் கைகளில்

1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. அதன் 53ஆம் பிரிவு விசுவாசிகள் மன்றாட்டை மீட்டுத் தந்தது. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை அடியொற்றி, திருச்சபைக்காகவும், ஆட்சிப் பொறுப்பில் உள்ளோருக்காகவும், பல்வேறு துன்பங்களில் உழல்வோருக்காகவும், மனிதர் அனைவருக்காகவும், உலகனைத்தின் மீட்புக்காகவும் மக்கள் பங்கேற்று மன்றாட வேண்டும் என்று அது பணித்தது. பின்னர் வெளிவந்த திருப்பலி ஒழுங்குமுறைகள், மக்கள் தம் திருமுழுக்கின் குருத்துவப் பணியை இங்கே ஆற்றுகிறார்கள் என்று வெளிப்படையாகக் கூறின. பதினான்கு நூற்றாண்டளவு விட்டுப்போயிருந்த ஒன்று மீண்டும் நம் கைகளுக்கு வந்தது.

வந்ததை நாம் என்ன செய்தோம்? அச்சிட்ட நூலைத் திறந்து, வாசகருக்கு முன்கூட்டிக் காட்டாமல், அவசரமாகப் படித்து முடிக்கிறோம். பல பங்குகளில் வேண்டுதல்கள் எல்லாம் நம் குடும்பம், நம் பிள்ளைகளின் தேர்வு, நம் நோய், நம் மழை என்று நம்மைச் சுற்றியே வருகின்றன. அவற்றுக்காக மன்றாடுவது தவறன்று. யுஸ்தீனின் சபையும் தனக்காக மன்றாடியது. ஆனால் எங்கெங்கும் உள்ள மற்றெல்லாருக்காகவும் என்ற பகுதி உதிர்ந்துவிட்டால், கிரகோரியார் காலத்தில் நிகழ்ந்ததே மறுபடியும் நிகழும். பதிலுரை மட்டும் நிற்கும். ஒருவேளை வேறொன்றும் நிகழலாம். எவருடைய பெயர் வந்தால் நமக்குச் சங்கடமோ, அவருடைய பெயர் புத்தகத்தின் இடையில் மடிந்து கிடக்கும். அதை நாமே செய்தோம்.

அடுத்த ஞாயிறு வந்தது. சீட்டு இன்னும் அதே பக்கத்தில் இருந்தது. சனிக்கிழமை மாலையே தம்பிமார் இருவரையும் வீட்டில் சென்று பார்த்து, அவர்கள் தாயின் வேண்டுதல் நாளை வாசிக்கப்படும் என்று சொல்லிவைத்தோம். மூத்தவர் ஒன்றும் பேசவில்லை. இளையவர், "உங்க இஷ்டம் சாமி" என்றார். "எங்கள் இஷ்டம் அன்று, உங்கள் அம்மாவின் உரிமை" என்றோம்.

நான்கு மன்றாட்டுகளுக்குப் பின் பேத்தி அச்சீட்டை வாசித்தாள். வாசித்து முடித்ததும் கோயிலில் ஓசையில்லை. இளைய தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே சென்றார். மூத்தவர் தலைகுனிந்து நின்றார். பின் பெண்கள் பக்கத்திலிருந்து பதிலுரை மெலிதாக எழுந்தது. ஆண்கள் பக்கம் தாமதமாக வந்து சேர்ந்துகொண்டது. மூதாட்டி கண்களை மூடியிருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது இளையவர் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. நம்மைக் கண்டும் பேசவில்லை. தாயின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு அவரோடு நடந்தார். வழக்கு அதன் போக்கில் நடந்தது. அவர் மன்னித்தாரா என்று நாம் கேட்கவில்லை. சிறையிலிருந்த அம்மனிதருக்கு இது தெரிந்ததா என்பதும் நமக்குத் தெரியாது.

அன்றுமுதல் கோயில் வாசலில் சிறு பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். மக்கள் எழுதும் வேண்டுதல்கள் அதில் விழுகின்றன. சனிக்கிழமை இரவு உபதேசியாரும் அன்பியப் பொறுப்பாளர்கள் இருவரும் அமர்ந்து அவற்றை ஒழுங்குபடுத்துகிறார்கள். நாமும் உடன் அமர்வதுண்டு. நம்மைத் தயங்கவைக்கும் சீட்டு வந்தால் முன்போல் மடித்துவைப்பதில்லை. தொடர்புடையவர்களை முதலில் சென்று பார்க்கிறோம். பிறகு அதை வாசிக்கிறோம்.